படகுக்காரர் கேட்ட பெயர்

கடலில் செத்தவனின் நகத்துக்குள் செங்கல் பொடி எப்படி வரும்?

நிலா இதை மனசுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். பிள்ளையின் தலைமாட்டில் பெற்றவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய்விட்டுக் கேட்கிற கேள்வி அல்ல அது.

திங்கட்கிழமை, காலை பத்து மணி. தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு லைன் வீட்டின் முன்னறை. இரவெல்லாம் ஆம்புலன்ஸில் பயணம் செய்து வந்த விநாயக், ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தான். மூடுவதற்கு முன் கைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. யாருக்கும் மனம் வரவில்லை. "நீ போலீஸ்தானே நிலா, நீ கட்டு" என்றார்கள். பெங்களூரில் சப்-இன்ஸ்பெக்டராக இருப்பவளுக்குப் பிணம் பழகியிருக்கும் என்பது லைன் ஜனங்களின் நம்பிக்கை.

கட்டும்போதுதான் பார்த்தாள். நகங்கள் எல்லாம் பிய்ந்திருந்தன. பிய்ந்த நகத்துக்கும் சதைக்கும் நடுவே சிவப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், பாறையில் உரசிய காயம் என்று எழுதிவிட்டார். நெற்றிக்கு மேலே இருந்த நீளமான வெட்டுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும்.

"எம் புள்ள இதுக்கு முன்ன கடலையே பாத்தது இல்லடி" என்றாள் பார்வதம்மா, நிலாவின் முகத்தைப் பார்க்காமல். "பாய் கட்ன போட்டுல சுத்திட்டு வர்றேம்மான்னு போனான். போட்டோ போட்டோவா அனுப்சான். ஒரு போட்டோல சிரிச்சிகினு கீறான் பாரு…"

நிலாவும் அந்தப் படங்களைப் பார்த்திருந்தாள். அவளுடைய தம்பி ஆகாஷும் அனுப்பியிருந்தான். கோகர்ணத்துக்குத் தெற்கே, கரையோரமாகப் பாய்மரப் படகில் விடுமுறை. மலை கடலுக்குள் இறங்குகிற இடங்களில் சின்னச் சின்னக் குடாக்கள். ஒரு முனையில் காடு மண்டிய பழைய கோட்டை. ஆகாஷ், விநாயக், கொர்னேலியஸ் மூவரும் ஒரே லைனில் ஒன்றாகப் புழுதி குடித்து வளர்ந்தவர்கள். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: விநாயக் படகுக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருந்தான், அது தெரியாமல் கொர்னேலியஸ் மோட்டாரைக் கிளப்பிவிட்டான்.

கொர்னேலியஸ் வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொன்னுட்டு வந்து எப்டி நிக்கறான் பாரு, ஒன்னும் தெரியாதவன் மாதிரி."

"குடிச்சிட்டு மோட்டாரு உட்டா வேற இன்னா ஆவும்?"

அவனுக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள். அவன் அசையவில்லை. உள்ளே ஆகாஷ்தான் ஓடி ஓடி எல்லாம் செய்தான். பந்தல்காரனுக்குப் பதில் சொன்னான், பார்வதம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தான், தோள் கொடுக்க முதல் ஆளாக நின்றான். நிலாவுக்குத் தம்பியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் என்னவோ ஒன்று இடறியது. அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

பிற்பகல் மூன்று மணி. அடக்கம் முடிந்து திரும்புகிற வழியில் கொர்னேலியஸ் அவளை நிறுத்தினான்.

"அக்கா, என்ன அரெஸ்ட் பண்ணிடுங்க."

"நான் அந்த ஊரு போலீஸ் இல்லடா."

"புதன்கிழம வரச் சொல்லியிருக்காங்க. எதுல கையெழுத்து கேட்டாலும் போட்டுடுவேன்."

அவன் கண்களில் தூக்கமில்லை. தன்னையே தண்டித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரக் காத்திருக்கிற முகம். நிலா அவனை, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கிய பழைய ஷாஃப்ட்டின் சுற்றுச்சுவர் நிழலுக்கு அழைத்துப் போனாள். சுவருக்கு அப்பால், மைன்ஸ் மூடிய நாள் முதல் மேலேறி வருகிற தண்ணீர். அதன் சத்தம் வெளியே கேட்காது. ஆனாலும் அங்கே நின்றால் யாரும் குரல் உயர்த்திப் பேசுவதில்லை.

"முந்தின நாளு ராத்திரி?"

"குடிச்சோம். நான்தான் ஜாஸ்தி."

"படகு எங்க நின்னுச்சி?"

"கோட்டைக்குக் கீழ, ஒரு சின்ன குடாவுல."

"காலைல?"

"பாய்த் துணிக்கு அடியில தூங்கிகினு இருந்தேன். படகு அடில டக்கு டக்குன்னு பாறை தட்டிச்சி. எழுந்து பாத்தா தண்ணி எறங்கிகினு கீது. படகுக்காரரு இல்ல, தண்ணி கேன் தூக்கிகினு ஊருக்குள்ள போய்ருந்தாரு. நானே மோட்டார இழுத்து உட்டேன்."

"விநாயக்க தண்ணியில பாத்தியா?"

"பாக்கல."

"மோட்டார்ல எதுனா மாட்டுன மாதிரி இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "இல்லக்கா. ஒரு இடி இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. மோட்டாரு நிக்கக்கூட இல்ல. அதான் எனக்குப் புரியல."

"ஆகாஷ் எங்க இருந்தான்?"

"மணல்ல. ரெண்டு கையையும் தலைமேல வச்சிகினு நின்னான்."

"நீ மோட்டார் உட்டதும் அப்டி நின்னானா?"

"இல்லக்கா. நான் எழுந்து பாக்கறப்பவே அப்டித்தான் நின்னுகினு இருந்தான்."

சொன்னவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. கேட்டவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை உடனே ஒதுக்கி வைத்தாள். வேலையில் ஒரு நாளும் அப்படிச் செய்தவள் அல்ல.

"எத்தினி வருசம் போடுவாங்கக்கா?"

"போய் எதுனா சாப்புடு. புதன்கிழமைக்கு முன்ன எதுலயும் கையெழுத்து போடாத."

மாலை ஆறு மணி. வீட்டுச் சுவரில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் கீழே, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான் ஆகாஷ். அம்மா ரத்தினம் அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள். சற்று நேரம் கழித்து நிலா எதிரே உட்கார்ந்தாள்.

"நீ எங்கடா இருந்த அப்ப?"

"மணல்லக்கா. அங்கதான் சொன்னனே, போலீஸ்ல."

"எனக்குச் சொல்லு."

"விநாயக் போட்டுக்குப் பின்னால நீந்திகினு இருந்தான். இவன் மோட்டார உட்டான். நான் ஷாஃப்ட், ஷாஃப்ட்டுன்னு கத்தினேன். அதுக்குள்ள…"

"மோட்டார உட்டதும் கத்தினியா?"

"ஆமா."

"கோட்டைக்குப் போனீங்களா?"

"இல்ல. அந்தப் பக்கமே போவல." பதில் கேள்வியைவிட வேகமாக வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு சுனிதா கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "ரத்தினம்மா, பாதாளக்கரண்டி கீதா? எங்க பக்கெட்டு ஷாஃப்ட்ல பூட்ச்சி!"

"கயிற ஒழுங்கா கட்டுன்னா கேக்கறியா நீ? தெனத்துக்கும் ஒரு பக்கெட்ட கெணத்துல உடு" என்று திட்டிக்கொண்டே ரத்தினம் எழுந்தாள்.

ஆகாஷின் கையிலிருந்த டீ தரையில் சிந்தியிருந்தது. "சூடு" என்றான் அவன். அந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்ததை நிலா கவனித்தாள். தரை மெல்ல ஒருமுறை அதிர்ந்தது, அலமாரிப் பாத்திரங்கள் கிலுங்கின. பூமிக்கு அடியில், மூடிய சுரங்கத்தில் எங்கோ பாறை இறங்குகிறது. வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தம்பியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னைவிட எட்டு வயது சின்னவன். அப்பா போன பிறகு அவள்தான் அவனுக்கு எல்லாமும். பரீட்சை மார்க் கேட்டது அவள். பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தது அவள். அவனுக்கு அவளிடம் எப்போதும் ஒரு பயம் உண்டு. அதை மரியாதை என்று நினைத்து அவள் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணிக்குச் சற்று முன்னால் போன் வந்தது. கடற்கரை ஊரின் இன்ஸ்பெக்டர். கன்னடத்தில், மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"மேடம், உங்கள் தம்பிதான் உங்கள் நம்பரைக் கொடுத்தார். அக்கா போலீஸில் இருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு சின்ன உதவி. படகுக்காரர் சொன்னதில் ஒரு பெயர் வருகிறது. அது யார் என்று தெரியாமல் கேஸை முடிக்க முடியவில்லை."

"என்ன பெயர் சார்?"

"பூட்டான்."

"நாடா?"

"அதுதான் எங்களுக்கும் புரியவில்லை. ஷாஃப்ட் என்ற வார்த்தை தெளிவாகக் கேட்டிருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட்டா என்று கேட்டேன், ஆமாம் என்றார் உங்கள் தம்பி. பூட்டான் யார் என்றால் தெரியாது என்கிறார். அந்தப் பட்டப்பெயரில் நான்காவது ஆள் யாராவது இருந்தானா? உங்கள் ஊர்த் தமிழ் உங்களுக்குத்தானே தெரியும்? நீங்கள் விசாரித்துச் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறேன். எட்டரைக்குக் கூப்பிடுகிறேன்."

படகுக்காரரின் நம்பரை அவரிடமே வாங்கிக்கொண்டாள். கொல்லைப்புறத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். படகுக்காரரின் பெயர் நாகேஷ். அவருக்கும் கன்னடம்தான், தமிழ் தெரியாது. கடல் காற்று போனுக்குள் இரைந்தது.

"அண்ணா, என்ன கேட்டதோ அதை அப்படியே சொல்லுங்கள். அர்த்தம் வேண்டாம்."

"ஷாஃப்ட்டுல பூட்டான். ரெண்டு தடவை. நான் பாறைக்குப் பின்னால பாதையில வந்துட்டிருந்தேன், ஆளைப் பார்க்கல. ஆகாஷ் குரல்தான். பூட்டான்னு யாரையோ கூப்பிடுறார்னு நினைச்சேன்."

"கூப்பிட்ட மாதிரியா இருந்தது?"

"இல்லம்மா. அழுத மாதிரி இருந்தது."

"மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்ததா?"

"இல்ல. கேனை இறக்கி வச்சு, தோள் மாத்தித் தூக்கி, பாறையைச் சுத்தி வந்தேன். அப்புறம்தான் மோட்டார் சத்தம். மோட்டார்ல சுத்துறதை நாங்க ஃபேன்னு சொல்லுவோம். ஷாஃப்ட்டு உள்ளே இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. அதை எதுக்குச் சொன்னார்னு எனக்கும் புரியல."

"குடாவில் பாறை என்ன நிறம்?"

"கறுப்பு."

"கோட்டைச் சுவர்?"

"செம்பாறைக் கல்லும்மா. கை வச்சா பொடி ஒட்டும்."

"கோட்டைக்குள் கிணறு இருக்கிறதா?"

"இருக்கு. சுவரெல்லாம் இடிஞ்ச பழைய கிணறு. அடியில கடல்வரைக்கும் வழி. கடல் ஏத்தத்துல நிரம்பும், வத்தத்துல வடியும். சின்ன வயசுல நாங்க தேங்காய் போட்டு விளையாடுவோம், தண்ணி வடியறப்போ அது குடாவுல வந்து…"

நாகேஷ் நிறுத்திவிட்டார். மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"அம்மா, அன்னிக்குச் சாயங்காலம் தண்ணி வடிஞ்சு குடாவுல உடம்பு ஒதுங்குற வரைக்கும் நாங்க கடலைத்தான் தேடினோம். நீந்தப் போனான்னு ஆகாஷ் சொன்னதால."

போனை வைத்த பிறகும் நிலா துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் கேட்டுவிடப் போகிறோம் என்று நேற்றே தெரிந்திருந்தது. தெரிந்தும், வேறு ஏதாவது காதில் விழாதா என்று ஓர் இரவைத் தள்ளியிருக்கிறாள்.

உள்ளே வந்தபோது ஆகாஷ் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ரத்தினம் அவன் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடந்து போய் பெங்களூர் ரயில் பிடிக்க வேண்டிய நேரம்.

"இன்னிக்கு ஆபீஸ் வேணாம். உக்காரு."

"லேட்டாவுதுக்கா."

"பூட்டான்னா யாருடா?"

அவன் கை ஷூ லேஸிலேயே நின்றுவிட்டது.

"அந்த ஊர்ல யாருக்கும் புரியல" என்றாள் நிலா. குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாட்டோட பேருன்னு நெனச்சிகினு கீறாங்க. நீ இன்னா கத்தின? ஷாஃப்ட்ல பூட்டான். போய்ட்டான்னு கத்திருக்க. நீந்தறவன் அடிபடப் போறான்னு பயந்து கத்தறவன், நிறுத்துடான்னுதான் கத்துவான். முடிஞ்சி போனத சொல்ல மாட்டான். அதுவும் மோட்டார் உடறதுக்கு முன்னாடி. கொர்னேலியஸ் எழுந்து பாக்கறப்பவே நீ தலைமேல கைய வச்சிகினு நிக்கற."

மைன்ஸ் ஓடிய காலத்தில் நேரம் தவறிச் சங்கு ஊதினால், லைன் லைனாக வாசலுக்கு வாசல் ஓடி வந்த செய்தி அது. ஷாஃப்ட்ல பூட்டான். ஆழமாக, இருட்டாக, வாயைத் திறந்துகொண்டு எது கிடந்தாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஷாஃப்ட்தான். வேறு எந்த ஊர்க்காரனும் கிணறு என்றுதான் கத்தியிருப்பான். அன்று பகலுக்குள் கயிறு இறங்கியிருக்கும்.

"இன்னாடி சொல்ற நீ?" ரத்தினத்தின் கையில் டப்பா மூடி இருந்தது.

"கோட்டையில ஒரு பழைய கெணறும்மா. அதுல வுழுந்தான் விநாயக். நகம் பூரா கோட்டைச் சுவரோட செம்பொடி. குடாவுல கறுப்புப் பாறைதான் கீது. நெத்தி வெட்டும் மோட்டார்ல இல்ல, வுழுந்தப்ப பட்டது. வுழுந்தப்ப அவன் சாவல. மேல ஏறப் பாத்துகினு இருந்திருக்கான்."

ஆகாஷ் அழவில்லை. வெகுநாளாகப் பிடித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைப்பவன் போலத் தோள்கள் தளர்ந்தன.

"தள்ளணும்னு தள்ளலக்கா. கெணத்துச் சுவர்மேல நின்னுகினு இருந்தோம். கைய புடிச்சான். உதறினேன்."

"எதுக்குப் புடிச்சான்?"

"எனக்கு வேல பூட்ச்சி. மழைக்காலத்துக்கு முன்னவே. தெனம் ரயில் ஏறி, கண்டோன்மென்ட் பிளாட்பாரத்துல உக்காந்துட்டு, சாயங்காலம் திரும்பி வர்றேன். அவன் ஒரு நாளு பாத்துட்டான். அன்னிக்குக் காலைல கோட்டையில, நீயே அக்காகிட்ட சொல்றியா, நான் சொல்லட்டான்னு கேட்டான்."

சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள் நிலா. தினமும் பெண்கள் பெட்டியில் அவள், பொதுப் பெட்டியில் அவன். ஒரே ரயில்.

"வுழுந்ததும் ஓடியாந்தேன். கத்தினேன். கொர்னேலியஸ் எழல. கரையில யாருமே இல்ல. அப்பறம்…" அவன் மாட்டிய ஷூவைக் கழற்றினான். "அப்பறம், மேல வந்தா உங்கிட்ட சொல்லிடுவான்னு தோணிச்சி. ஒரு நிமிசம்தான் தோணிச்சி. அதுக்குள்ள மோட்டாரு சத்தம். பேச நெனச்சேன். நேரம் ஆவ ஆவ பேச முடில."

"சத்தம் கேட்டுச்சா உனக்கு? உள்ளேர்ந்து?"

"போறப்ப கேட்டுச்சி. ஆகாஷ், கயிறு எடுத்தாடான்னான். சிரிச்சிகினே சொன்னான்க்கா."

கிணற்றில் ஏறிய தண்ணீர் நிலாவின் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வேலை போன செய்தி. அதை அக்காவிடம் சொல்வதைவிட, நண்பன் இருட்டில் கிடப்பது இவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் இவனுக்கு நான் எந்த முகத்தைக் காட்டி வந்திருக்கிறேன்? எந்தச் சட்டத்திலும் இதற்குப் பிரிவு இல்லை. குற்றம் அவனுடையதுதான். ஆனால் அவன் பயந்தது அவளுக்கு.

மேசையில் போன் அதிர்ந்தது. எட்டரை.

ரத்தினம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பட்டப்பேருன்னு சொல்லிடு. ஊர்ல எவனோ ஒருத்தன், பூட்டான்னு கூப்டுவோம்னு சொல்லிடு."

"கொர்னேலியஸ்?"

"அவன் தெரியாம செஞ்சதுன்னுதான் கேஸ் போடுவாங்க. சீக்கிரம் வந்துடுவான். இவனுக்கு அப்டியா? சொல்லுடி."

"தன் கையால கொன்னுட்டோம்னு நெனச்சிகினு கீறான்மா அவன். அதுலேர்ந்து எப்ப வெளிய வருவான்?"

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஆகாஷ் தலை நிமிரவில்லை.

"சரி, பொய் சொல்ல வேணாம்" என்றாள் ரத்தினம். குரல் இறங்கி, கெஞ்சலாகிவிட்டது. "தெர்லன்னு மட்டும் சொல்லு. உன் வாயால வேணாம் நிலா. வேற யார்னா பாத்து சொல்லிக்கட்டும்."

நிலா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள்.

"வேற யாருக்கும் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.